ராணியின் கோடை மாளிகை

“உங்கள் இடதுபுறம் தெரிவது ராணியின் கோடை மாளிகை” என்றது சுற்றுலா பஸ்ஸின் ஒலிபெருக்கியில் ஓடிய பதிவுக் குரல்.

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் பாதி ஜன்னலை மறைத்துக்கொண்டு பரவசமானார். “ஆஹா! அந்தச் சுவர் என்ன கனம் பாருடி! உள்ளே வெயிலே இறங்காது. அந்தக் காலத்துக்காரன் மூளையே தனி!”

மனைவி எட்டிப் பார்த்தாள். “எனக்கென்னவோ குடோன் மாதிரி இருக்குங்க.”

“வாயை மூடு, மானம் போகுது! கண்ணு மட்டும் இருந்தா போதாது, ரசனை வேணும். உன்னைக் கட்டிக்கிட்டு முப்பது வருஷமா இதே பாடுதான்.”

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிக்னலில் பஸ் நின்றதும் டிரைவர் திரும்பினார்.

“எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. பட்டனை ஒரு ஸ்டாப் முன்னாடியே அமுக்கிட்டேன். இப்ப நீங்க பார்த்தது பழைய ஐஸ் ஃபேக்டரி. மாளிகை அடுத்துதான் வருது.”

பேராசிரியர் கைக்குட்டையை எடுத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்தார்.

மாளிகை வந்தது. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

“இது எந்த ஃபேக்டரிங்க? எனக்குக் கண்ணு மட்டும்தானே இருக்கு!”