சுமாரான மெட்டு

"ஒவ்வொரு நோட்டும் நானே வரிவரியாத் தட்டினது சார்!" சுரங்களை வரிவரியாகத் தட்டெழுதி மெட்டமைக்கும் பழைய டிராக்கர் மென்பொருளில் செய்த இசைக்கான போட்டி மேடையில் அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

நடுவர் அவன் அனுப்பிய இசைக்கோப்பைத் திறந்து பெரிய திரையில் காட்டினார். "இசைக்கருவிப் பேர் எழுதுற இடத்துல அந்தக் காலத்து ஆளுங்க சேதி எழுதி வைப்பாங்க. நீங்களும் எழுதியிருக்கீங்களே!"

அவன் சட்டென்று திரைப் பக்கம் திரும்பினான். கோப்பின் பெயரை மட்டும் மாற்றியவன், உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை.

அரங்கமே வாசித்தது: "தம்பி, பரீட்சையில தோத்துட்டு அழுதியே, உனக்காகத்தான் இந்த மெட்டு. இப்படிக்கு, அக்கா."

அவன் பரீட்சையில் தோற்ற சமயம், இந்த மெட்டு இருந்த டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் "கேட்டியாடா?" என்று ஆசையாக வந்து நின்ற அக்காவிடம், போட்டுக்கூடப் பார்க்காமல் "சுமார்தான்" என்றிருந்தான்.

அதற்குப் பிறகு அவள் மெட்டே போடவில்லை.