வாடகைக் கை

சேத்துமடைக்கு மேலே காட்டில் நிற்கும் ராட்சதத் தேக்கைக் கைகோர்த்துச் சுற்றி வளைக்க ஐந்து பேர் வேண்டும். குடும்பங்களோ சுருங்கிப்போய் மூன்றும் நாலுமாக வந்திறங்கின. குறைகிற கைக்கு அடிவாரத்தில் ஆள் கிடைக்கும். சென்னியப்பன் அப்படியொரு வாடகைக் கை. மேலே பறந்து படமெடுக்கும் வனத்துறைக் கேமரா, வாடகை ஆட்களைப் படத்திலிருந்து தானே அழித்துவிடும். வேறு கேமராவுக்கு அங்கே அனுமதியில்லை.

மகள் தாரணி நாளை கணவன் வீட்டாரோடு நார்வே போகிறாள். அதற்குமுன் அப்பாவோடு ஒரு படம் வேண்டுமென்று அவர்களையும் கூட்டிவந்தாள்.

"இன்னிக்கு வெள்ள வேட்டி பாத்தயா கண்ணு? வாடகைக்கில்ல, சம்பந்தியாக்கும்!" என்று மரத்தைச் சுற்றிய வட்டத்தில் சென்னியப்பன் அவள் கையை இறுக்கிக்கொண்டார்.

படம் வந்தது. அதில் அவர் இல்லை.

"அவரு எங்கப்பாங்க!" என்று கேமராக்காரனிடம் பாய்ந்தாள்.

"மொகம் வாடகைக் கணக்குல இருக்குதுங்க அம்மிணி. எத்தன தடவ எடுத்தாலும் அழிஞ்சிரும்."

"நாம நாலு பேரும் பளிச்சுன்னு இருக்கறோம். இதையே மாட்டிக்கலாம்," என்றார் மாமியார்.

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். படத்தில் தாரணியின் கை மாமியாரின் கையைப் பற்றியிருந்தது. நாலு பேருக்கே வட்டம் கூடியிருந்தது. அதற்காகக் கேமரா மரத்தைக் கொஞ்சம் இளைக்க வைத்திருந்தது.