வெந்தய மோர்

பஸ் ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் தன் வீட்டுக் கக்கூஸில் இருந்தார்.

திருப்பரங்குன்றம் ஸ்டாப்பிலிருந்து மூன்றாவது சந்தில் வீடு. காக்கிச் சட்டையோடு உக்கிரபாண்டி ஓடி வந்ததையும், தோல்பையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் பாய்ந்ததையும் சந்தே வேடிக்கை பார்த்தது.

அவர் மனைவி செல்லக்கிளி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கதவோரம் வைத்தாள்.

ரோட்டில் டிரைவர் மொக்கையன் ஹாரனை அமுக்கினார். சற்று விட்டு இன்னொரு தடவை.

பஸ் நிறைய ஆள். ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் போகிறவர்கள்.

இந்த வாரத்தில் இது முதல் தடவை இல்லை. நேற்றுப் பழங்காநத்தத்தில் ஓர் ஓட்டலின் பின்கட்டு. அதற்கு முன்னால் பசுமலையில் முகம் தெரியாத யாரோ வீடு. அன்றைக்கென்று செக்கர் ஏறிப் பார்த்தபோது பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. இனி ஒரு தடவை இப்படி ஆனால் வேலைக்கே வேட்டு என்று டிப்போவில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உக்கிரபாண்டி அத்தனை பழியையும் சமையல் மேல் போட்டார்.

புளி கூடிவிட்டது என்றார். குறைத்தாள். கடலை எண்ணெய் சேரவில்லை என்றார். நல்லெண்ணெய்க்கு மாறினாள். மிளகாயை நிறுத்தினாள், தேங்காயை நிறுத்தினாள். கடைசியில் ரசமும் சோறும்தான் மிஞ்சியது. அதையும் அவர் மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சமையலை ஒரு சொல் சொல்லாத மனுசன்.

இப்போது தினமும் ஒரே கேள்வி.

"சோத்துல என்னத்தடி போட்ட?"

அவளும் எத்தனை தடவைதான் உப்பு, சீரகம் என்று பதில் சொல்வாள்.

பக்கத்து வீட்டு மாயக்காள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, இன்னைக்குமா என்று கேட்டாள். மாதுளந்தோலைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாயா என்றாள். வாழைக்காய் கொடுத்தாயா என்றாள். எதற்கும் கேட்கவில்லை என்றால் மோரைக் கூடக் கொஞ்சம் ஊற்று என்றாள்.

செல்லக்கிளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மோர் தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். விடிந்ததும் பல் துலக்கிவிட்டு வருகிறவருக்கு ஒரு செம்பு, வெந்தயப் பொடி தூக்கலாகப் போட்டு. அதை மட்டும் அவர் ஒரு குறையும் சொல்லாமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டூட்டிக்குக் கிளம்புவார்.

மாத்திரை அந்த மோரில்தான் இருந்தது.

போன மாதம் ஓடுகிற பஸ்ஸில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, சீட்டும் எழுதிக் கொடுத்தார். உக்கிரபாண்டி வருகிற வழியிலேயே மாத்திரையைச் சாக்கடையில் வீசிவிட்டு வந்தார்.

அவருடைய அண்ணன் கருத்தக்கண்ணனும் சர்க்கரைக்கு மாத்திரை தின்றவர்தான். தின்ன ஆரம்பித்த வருடமே அவருக்குக் காலை எடுத்துவிட்டார்கள். காலைக் கொண்டுபோனது மாத்திரைதான் என்று உக்கிரபாண்டி நம்பினார். அந்தக் கருமத்தை என் கையால் தொடமாட்டேன் என்றார். இந்த வீட்டில் இனி அந்தப் பேச்சே வரக்கூடாது என்றார்.

செல்லக்கிளி பேசவில்லை.

ஆனால் அவர் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கக்கூஸ் தரையில் எறும்பு மொய்ப்பதையும் பார்த்தாள். சட்டை துவைக்கும்போது பைக்குள் கிடைத்த டாக்டர் சீட்டை மெடிக்கல் கடையில் போய் நீட்டினாள். மாத்திரையைக் கொடுத்து, காலையில் ஒன்று என்றார் கடைக்காரர். அதற்கு மேல் கேட்க அவளுக்கும் தெரியவில்லை.

வயிறு போவது எதனால் என்று இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. நிறுத்திவிடலாம் என்று பார்த்தால் புண் வாய் மூட ஆரம்பித்திருந்தது. சொல்லிவிடலாம் என்று பார்த்தால் அந்த மோரைத் தூக்கி முற்றத்தில் வீசிவிடுவார். அப்புறம் அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

ஹாரன் இப்போது விடாமல் கத்தியது.

கொடுத்தால் வேலை போகும். கொடுக்காவிட்டால் கால் போகும். அவர் மேல் வந்த எரிச்சல் மாத்திரை மேல் போய், அங்கிருந்து அவள் மேலேயே திரும்பியது. என்ன ஆனாலும் ஆகட்டும், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கதவு திறந்தது. வெளுத்துப்போன முகத்தோடு வந்து உக்கிரபாண்டி கைகால் கழுவினார். சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தார். அவள் பின்னாலேயே போய் வாயைத் திறந்தாள்.

அவர் முந்திக்கொண்டார். குனிந்து தோல்பையை எடுத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வெறும் வயித்துல குடுக்காத. சோத்துக்கு நடுவுல குடுக்கணும்னுதான் அந்த டாக்டரு சொன்னாரு. மொதல்ல பாதிதான், முழுசு இல்ல."

எப்படித் தெரியும் என்று கேட்டாள் செல்லக்கிளி.

"வெந்தயம் இம்புட்டுக் கசக்காதுடி," என்றார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தில் ஓடினார். பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் ஒரே சமயத்தில் சத்தம் போட்டார்கள். அவர் என்ன பதில் சொன்னாரோ, ஒரு பெண் சிரிப்பது கேட்டது. பிறகு பஸ் கிளம்பிப் போனது.

அவள் உள்ளே வந்து அரிசிப் பானைக்குள் கையை விட்டு மாத்திரைகளை எடுத்தாள். ஒன்றைப் பலகையில் வைத்துக் கத்தியை அதன் மேல் நிறுத்திப் பார்த்தாள். அழுத்தினால் தெறித்துவிடும் போலிருந்தது. கத்தியைத் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

பிறகு பாதி சரியாக வரும் இடம் பார்த்து மெல்ல அழுத்தினாள்.