ஒட்டி நிறுத்திய வேன்

“மறுபடியும் கொண்டுவந்து ஒட்டி நிறுத்திட்டார் பாருங்க.”

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் வாசலுக்கு வந்தாள்.

இரண்டு இரும்பு ரேம்ப்களின் மேல் முன்சக்கரங்களை ஏற்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது கார். அடியில் கணவனின் கால்கள் மட்டும் தெரிந்தன.

“விடு. அக்கம்பக்கம்னா அப்படித்தான். நாமதான் அனுசரிச்சுப் போகணும்” என்றன கால்கள்.

எதிர்வீட்டுக்காரருக்கு இதே வழக்கம். ஆயில் மாற்ற இவன் காரை ரேம்பில் ஏற்றினால் போதும், தெருவைத் தாண்டித் தன் பழைய வேனை ஓட்டிவந்து, இவர்கள் வாசல் சரிவில் நுழைத்து, காரின் பின் பம்பரை உரசுகிற மாதிரி நிறுத்திவிடுவார். கார் இறங்கும்வரை எடுக்கமாட்டார். ஒருமுறை அவள் கேட்டதற்கு, “எங்க வாசல்ல நிழல் இல்லம்மா” என்றார்.

இவர்கள் வாசலிலும் நிழல் கிடையாது.

போன வருஷம் அவள் நிறைமாசமாக இருந்தபோது பின் பம்பரை நெளித்ததும் அவர்தான். “பார்க்காம இடிச்சுட்டேன், மன்னிச்சுக்கம்மா” என்று அவரே வந்து நின்றார். அன்றைக்கு அவள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். அதன்பிறகு இவர்கள் வீட்டில் அவருக்குப் ‘பம்பர்காரர்’ என்றே பெயர்.

“வாசல் இவ்வளவு சரிவா இருக்கே, ஒண்ணும் ஆகாதே?”

“பின்சக்கரத்துக்குச் செங்கல் வச்சிருக்கேன். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன். நீ உள்ள போ.”

உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் ஓடிவந்தாள்.

“ஏங்க, வெளிய வாங்க. குழந்தைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. கண்ணு செருகுது.”

அவன் அடித்துப்பிடித்து வெளியே வந்தான். கையெல்லாம் கறுப்பு.

“ஆயில் ஊத்தி, அடியில ஒழுகலைன்னும் பார்த்தாச்சு. ரெண்டு நிமிஷம், கையைக் கழுவிட்டு வந்து வண்டியை இறக்கிடறேன்.”

கொல்லைக் குழாயடிக்கு ஓடினான். அவள் குழந்தையோடு தெருவைத் தாண்டி ஓடினாள். எதிர்வீட்டு ஜன்னலில் வழக்கம்போல அவர் உட்கார்ந்து இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க வேனை எடுங்க.”

“உங்க வீட்டுக்காரர் வெளிய வந்துட்டாராம்மா?”

“அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? எடுங்கன்னா எடுங்க.”

“அவர் முதல்ல கார்ல ஏறி பிரேக்கை மிதிச்சுக்கட்டும். அப்புறம் எடுத்துடறேன்.”

“இதுக்கும் ஒரு நியாயம் வச்சிருக்கீங்களா? என் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும். உங்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருந்தாத்தானே தெரியும்.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அவர் ஜன்னல் வழியே கையை நீட்டினார். குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. சாவியோடு இறங்கிவந்தார்.

நேராக வேனில் ஏறவில்லை. குனிந்து, காருக்கு அடியில் யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டார்.

“நீ படிமேல ஏறி நில்லும்மா. இன்னும் மேல. குழந்தையைப் பிடிச்சுக்க.”

வேன் மெதுவாக ஒரு சாண் பின்னால் போனது.

காரும் ஒரு சாண் பின்னால் வந்தது.

உள்ளே யாரும் இல்லை. போட்டிருந்த ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து எடுத்துவந்த கார் சாவி அவள் கையில் இருந்தது.

வேன் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பின்சக்கரத்தடியில் இருந்த செங்கல் பொடிந்தது. ரேம்ப் ஒன்று கிறீச்சென்று புரண்டது. காரின் முன்பக்கம் தொம்மென்று தரையில் இறங்க, கார் அப்படியே உருண்டுவந்து வேனின் மேல் சாய்ந்து நின்றது. அதன் கனத்தை வேன் முனகிக்கொண்டு தாங்கியது.

அவள் கண் காருக்கு அடியில் போனது. கணவன் தலைமாட்டில் நிறுத்தி வைத்திருந்த காலி ஆயில் டப்பா, காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சப்பையாக நசுங்கிக் கிடந்தது.

ஈரக்கையோடு கணவன் ஓடிவந்தான். காரைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது. ஆச்சரியம் இல்லை.

அவள் வேனின் முன்பக்கத்தைப் பார்த்தாள். இப்போது விழுந்த நெளிவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று, துருவேறிப் போயிருந்தது.

“அன்னிக்கும் நம்ம கார்தான் உருண்டுச்சா?”

அவன் பார்வை மறுபடியும் அந்த டப்பாவுக்கே போனது.

“நீங்க அடியில இருந்தீங்களா?”

“அவர் வேன் பின்னாடி நின்னுதோ, பிழைச்சேனோ. நீ நிறைமாசமா இருந்தே. தெரிஞ்சா பயந்துடுவியேன்னு நான்தான்...”

“நான் அவரை அவ்வளவு பேசினப்போ பக்கத்துலதானே நின்னீங்க?”

அவன் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

உருண்டுவிடாதபடி காரின் பின்சக்கரங்களுக்குத் தன் வேனிலிருந்து இரண்டு மரக்கட்டைகளை எடுத்துவந்து செருகினார் எதிர்வீட்டுக்காரர். பிறகு வேனின் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறும்மா, குழந்தைக்கு நேரமாகுது. நீங்களும் ஏறுங்க தம்பி. யாராவது கேட்டா, இதையும் நானே இடிச்சதா இருக்கட்டும்.”