மீசைக்காரப் பூனை

"ஒரிஜினலும் கள்ளமும் எனக்கு மணத்திலேயே தெரியும்."

ஜீவரட்ணம் மாமா இதைச் சொல்லாத சனிக்கிழமையே இல்லை.

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் நான் வேலை செய்யும் பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி இருக்கிறது. அந்தக் காலத்தில் மா, ஓட்ஸ் பக்கெற்றுகளுக்குள் விளம்பரத்துக்காகப் போட்டுக் கொடுத்த பட அட்டைகள் அதற்குள் கிடக்கும். பிள்ளைகள் சேர்த்து ஆல்பத்தில் ஒட்டுவார்களாம். மாமா பூதக்கண்ணாடியோடு வந்து பெட்டியைக் கிளறுவார். ஒவ்வொன்றையும் மணப்பார். பிறகு பக்கத்தில் நிற்கிற டெனிஷ்காரருக்கே வகுப்பெடுப்பார்.

"உங்கட சாமான்ர அருமை உங்களுக்கே தெரியேல்லை."

சொந்த மாமா இல்லை. அம்மாவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்.

ஒரு நாள் கேட்டேன். "அப்பிடி எதைத்தான் மாமா தேடுறியள்?"

"ஓட்ஸ் வரிசையில ஒரு அட்டை. கஞ்சிக் கோப்பையோட ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளை, மடியில பூனை. அது மட்டும்தான் இல்லை. டென்மார்க் முழுக்கத் தேடியாச்சு பிள்ளை."

எனக்கு அவ்வளவு போதும்.

அன்றைக்கே கணினியில் படம் கீறினேன். பெட்டை, கோப்பை, பூனை. பூனைக்கு மட்டும் மாமாவின் மீசை. இரண்டு பக்கமும் கீழே இறங்கி, நுனியில் சுருண்டு நிற்கும் அதே மீசை. தடித்த தாளில் அச்சடித்து, அம்மா வைத்து மிஞ்சிய தேத்தண்ணியில் ஊறப்போட்டு, ஹீற்றருக்கு மேலே காயவைத்து, ஒரு மூலையை மடக்கினேன். எண்பது வயதுக் கிழட்டு அட்டை தயார்.

அடுத்த சனி கடைப் பொறுப்பாளர் கிர்ஸ்டன் சாப்பிடப் போன நேரம், கடைப் போனில் அவவின் குரலில் மாமாவை அழைத்தேன். எங்கள் சபைப் பாஸ்டரின் குரல்தான் கொஞ்சம் கஷ்டம். கிர்ஸ்டன் லேசு. 'யா' என்று சொல்லும்போது மூச்சை உள்ளே இழுத்தால் சரி.

"ஜீவரட்ணம், நீங்கள் தேடும் பூனை வந்திருக்கிறது. யா."

மாமா வேலை உடுப்போடேயே ஓடி வந்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்தார். மணந்தார். கண்ணை மூடி இன்னொரு தரம் மணந்தார். பூனையைக் கனநேரம் பார்த்தார். மீசையைத் தடவினார், தன்னுடையதை.

"ஒரிஜினல்," என்றார்.

நான் தொங்கிக்கொண்டிருந்த பழைய கோட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"இதை இண்டைக்கே ஸ்வெனுக்குக் குடுக்கோணும். எங்கட இல்லத்தில இருக்கிறவர். அவருக்காகத்தான் இவ்வளவு தேடலும்."

இன்னும் நல்லது. கோப்பி நேரம் எல்லாரும் கூடியிருப்பார்கள், அம்மாவும் நிற்பா. 'ஒரிஜினலும் கள்ளமும்' என்று மாமாவின் குரலிலேயே தொடங்கி, கைப்பேசியில் வைத்திருக்கும், நான் கீறிய படத்தைக் காட்டினால், இனி இந்த மனிதர் மூக்கைப் பற்றி மூச்சும் விடமாட்டார்.

"வேலை முடிஞ்சுது மாமா. நானும் வாறன்."

"ஓம், காரில ஏறு."

ஸ்வெனுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. கோப்பி மேசையில் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"நானும் தங்கச்சியும் கஞ்சி குடித்துக் குடித்து இப்படி ஒன்று சேர்த்தோம்," என்று எனக்குச் சொன்னார். "வீட்டை விற்கும்போது பிள்ளைகள் அந்த ஆல்பத்தைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். ஜீவரட்ணம்தான் இந்த வெறும் ஆல்பத்தை வாங்கி, அட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தந்தான். இந்தக் கட்டத்தைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்றுதான் பயம்."

மாமா அட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

ஸ்வென் படத்தை விரலால் தொட்டார். "இவள்தான். இந்தப் பூனை எனக்கா, தங்கச்சிக்கா என்று தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டோம்."

அட்டையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். திரும்பவும் அட்டையைப் பார்த்தார்.

"மீசை இப்படி இருந்தது மறந்தே போய்விட்டது."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. 'ஒரிஜினலும்' என்று வாயெடுத்தேன், நிறுத்திவிட்டேன். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பினா. "என்ன ஜெனனி, ஏதோ சொல்ல வெளிக்கிட்டாய்?"

"ஒண்டுமில்லை அம்மா."

கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினேன்.

ஸ்வென் அட்டையை ஆசையாக மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். மாமா சட்டென்று அதை வாங்கி, பசை தடவி, கட்டத்தில் ஒட்டி, இரண்டு தரம் அழுத்திவிட்டார்.

திரும்பி வரும்போதும் மாமாவின் காரில்தான் வந்தேன். சந்தி தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எண்பது வருசத்துக்கு முதல் இந்த ஊரில ஆர் பிள்ளை இஞ்சித் தேத்தண்ணி குடிச்சது?"

நான் சீற் பெல்ற்றைப் பார்த்தேன்.

"உன்ர அம்மாவுக்கு இஞ்சி போடாமல் தேத்தண்ணி வைக்கத் தெரியாது. எங்கட வேலையிடத்திலயும் அதே மணம்தான்."

"தெரிஞ்சுகொண்டே ஏன் மாமா ஒரிஜினல் எண்டனியள்?"

மாமா மீசையைத் தடவினார்.

"நான் கோப்பியிலதான் ஊறப்போடுறனான், அந்த மணம் இந்த ஊரில ஆரையும் உறுத்தாது. அந்த ஆல்பத்தில முக்கால்வாசியும் என்ர கைவேலை. பூனைதான் எனக்குக் கீற வரேல்லை."