ஒன்பது ஊசி

மலேசியாவின் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஒரே வேலைக்குக் காத்திருப்பவர்கள்: ஆப்பிள் மடிக்கணினியோடு பிராண்டன், பல வண்ணம் மினுங்கும் கேம் கணினியோடு ரூபேந்திரன், செங்கல் கனத்தில் பழைய கறுப்புக் கணினியோடு லோஷினி, இரவு ஷிஃப்டை விட்டுவிட்டு இரவல் கணினியோடு நான். "பிராண்டன் சிங்கப்பூர் பாஸு, நான் கேம் பைத்தியம், லோஷினி ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி லா," என்கிறான் ரூபேந்திரன். நானும் சிரிக்கிறேன். மேற்பார்வையாளர் தங்கராஜு, நின்றுபோன பழைய இயந்திரத்தின் கேபிளை நீட்டுகிறார். "இத ஓட்டுறவங்களுக்குத்தான் வேலை." அதன் அகன்ற முனையில் ஒன்பது ஊசிகள். அதைச் செருகும் துளை லோஷினியின் கணினியில் மட்டுமே இருக்கிறது. செருகி விசைகளைத் தட்டுகிறாள். திரையில் எண்கள் பாய்கின்றன, இயந்திரம் உறுமி எழுகிறது, தரை அதிர்கிறது. "அலமாக்!" என்று தோற்ற நாங்களே கத்துகிறோம். "இங்க பழைய மெஷின்னு கேள்விப்பட்டு, இந்த ஓட்டைக்காகவே குளுவாங் வரைக்கும் போய்த் தேடி வாங்கினேன் அண்ணே," என்கிறாள் ரூபேந்திரனிடம். கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைகிறாள். அவள் பின்னால் தங்கராஜு, வெளியே நிற்கும் எங்கள் முகத்துக்கு நேரே, கதவைச் சாத்திப் பூட்டுகிறார்.