பத்தொன்பதாவது புள்ளி

அப்ஹாம் நூல் மூட்டையோடு தறிக்கொட்டிலுக்குள் நுழைந்தபோது, அவன் மனைவியின் மாதம் தறியில் ஏறிக்கொண்டிருந்தது.

கண்ணை நம்ப முடியாமல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டப் போனான்.

தறியின் மேற்சட்டத்தில் கட்டம் போட்ட தாளொன்று குண்டூசியால் குத்தியிருந்தது. அவன் கையால் கீறிய தாள். டிசைன் கீறுவதுதான் அவன் தொழில், காத்தான்குடியில் பல தறிகளுக்குக் கீறிக் கொடுக்கிறான். ஆனால் இந்தத் தாள் எந்தத் தறிக்கும் கீறியதல்ல. அது படுக்கையறை அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்க வேண்டியது. முப்லிஹாவின் உடம்புச் சூடு, போன மாதத்து இருபத்தெட்டு நாளும், நாளுக்கு ஒரு புள்ளி.

தறியில் இருந்தவள் அவன் மாமி நஸீறா, முப்லிஹாவின் உம்மா. அவளுக்கு எழுத்துத் தெரியாது. கட்டம் எண்ணுவதில் மட்டும் அவளை வெல்ல வாவிக் கரையில் ஆளில்லை.

புது டிசைன் என்று நினைத்துவிட்டாள் போலும். கட்டில் விரிப்புத் துணியில் அரைச்சாண் உயரத்துக்கு நெய்தும் விட்டாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது முப்லிஹாவின் காலில் இரத்தம் கட்டியது. பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு பிள்ளை இப்போதைக்கு வேண்டாம், வந்தால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பிள்ளை தடுக்கிற குளிசையும் ஊசியும் கூடாது, இரத்தம் மறுபடி கட்டும். றப்பர் உறை பட்டால் அவளுக்குத் தோல் தடித்துப் போகும். கர்ப்பப்பையில் லூப் வைத்தார்கள், இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று மூன்றாம் மாதமே எடுத்தார்கள்.

அப்ஹாம் கையை விரித்துவிட்டான். முப்லிஹா விரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸைப் பிடித்து உட்கார வைத்து, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, இந்த வழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொன்னதும் கண் விழிப்பாள். எழும்ப மாட்டாள், பேச மாட்டாள். கொரோனாக் காலத்தில் வாங்கிய வெப்பமானியை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டு அப்படியே கிடப்பாள். அவன் புள்ளி போடுவான். சூடு ஏறி, இறங்காமல் மூன்று நாள் நின்ற பிறகுதான் பயமில்லை.

ஐந்து மாதத்தில் ஒரு நாள் தவறவிடவில்லை. நுளம்பு கடித்தாலும் சின்னவன் கத்தினாலும் வெப்பமானி வாயை விட்டு அசையாது. இப்படியொருத்தி தனக்கு வாய்த்தாளே என்று அவனுக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள், அவளுக்காக அவனும் பொறுத்தான்.

இப்போது அந்த மாதம் கடைக்குப் போய், ஆரோ ஒருத்தியின் கட்டிலில் விரிந்து கிடக்கப் போகிறது. விசயம் தெரிந்த ஒரு கண் பட்டால் போதும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. முப்லிஹா வெட்கத்தில் இந்த வழியையே விட்டுவிடுவாள். அவளுக்கு வேறு வழியும் இல்லை.

சொல்லத்தான் வேண்டும். மனைவி வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை அவன். நூல், சோறு, மழை தவிர மாமியோடு அவன் எதையும் பேசியதில்லை.

"மாமி, அது... டிசைன் இல்ல."

நஸீறா தறியின் மிதிகட்டையிலிருந்து காலை எடுக்கவில்லை.

"தெரியும் மருமகன். ஸுஹைனாட கட்டிலுக்குத்தான் நெய்யிறன். அவளுக்கு அடுத்த மாசம் கலியாணம், இதெல்லாம் ஒரு உம்மா எந்த வாயால சொல்லுற?"

ஸுஹைனா அவளுடைய கடைசி மகள்.

அப்போதுதான் அப்ஹாம் துணியை ஒழுங்காகப் பார்த்தான். கீழ் வரிசைப் புள்ளிகள் எல்லாம் நீல நூல். பதினாறில் புள்ளி மேலே ஏறுகிறது, அதுவும் நீலம். பதினேழும் பதினெட்டும் நீலம். பத்தொன்பதிலிருந்து பச்சை.

அவன் தாளில் பச்சையே கிடையாது. மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்று அவன் எங்கேயும் எழுதியதும் இல்லை.

மிட்வைஃப் மிஸ் முன்னறையில் விளக்கிக்கொண்டிருந்த அன்று, பலகைச் சுவருக்கு அப்பால் தறிச் சத்தம் நின்றுபோனது அவன் ஞாபகத்துக்கு வந்தது. நூல் அறுந்திருக்கும் என்று அன்று நினைத்தான்.

ஏழு பெற்றவள் நஸீறா. எந்தப் பிள்ளையையும் இப்போது வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி தெரியாமல் பெற்றவள். ஒரே தடவை கேட்டதை நூலளவு பிசகாமல் பிடித்து வைத்திருக்கிறாள். அந்தக் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. மருமகனுக்கு அது முறையில்லை. வெளியே போகத் திரும்பினான்.

"மருமகன்." அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இந்த மாசத்துத் தாளையும் பார்த்தன். இண்டைக்குத்தான் சூடு ஏறியிரிக்கி. இன்னும் மூணு ராவைக்குச் சின்னவன் உங்களோடதான் படுப்பான்."

அப்ஹாம் வாசலில் நின்றுவிட்டான்.

ஐந்து மாதமாக, ஒவ்வொரு மாதமும் பாதி நாளுக்கு மேல், விளக்கணைக்கும் நேரம் பார்த்து மாமி சின்னவனைத் தூக்கி வந்து இருவருக்கும் நடுவில் கிடத்துவாள். உம்மாவின் வாசமில்லாமல் பிள்ளை உறங்குதில்லை என்பாள். பிறகு ஒருநாள், கேளாமலே வந்து தன் பாய்க்குத் தூக்கிப் போய்விடுவாள்.

உன் உம்மாவுக்கு நேரத்துக்கு ஒரு குணம் என்று அத்தனை மாதமும் முப்லிஹாவிடம் புறுபுறுத்தவன் அவன்தான்.